கால் எடுக்காதவன்

வெர்லின் டெக்கரின் வீட்டு நடைவழியில் இரண்டு பக்கமும் கோப்பைகள் நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் தங்கநிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கார். அவன் மனைவி நடீன் முன்னறையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். குளிர்காலத்தில் அவளிடம் வரும் பெண்கள் கோட்டையும் தொப்பியையும் கழற்றி அந்தக் கோப்பைகளின்மேல் மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். ஆரம்பத்தில் வெர்லின் ஆட்சேபித்தான். கோட்டு மாட்ட வேறு இடம் இருந்தால் காட்டு என்றாள் நடீன். அவனால் காட்ட முடியவில்லை.

எல்லாமே நாலு சிலிண்டர் பிரிவில் வாங்கியவை. ப்ளம் க்ரீக் மண் தடத்தில் சனிக்கிழமைதோறும் முதலில் ஓடும் பிரிவு அது. ஜனங்கள் அப்போதுதான் சோளக்காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வறுத்த பன்றி இறைச்சி வைத்த ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். இருக்கைகளைப் பிடுங்கி எறிந்த பழைய சின்னக் கார்கள் வட்டமாகச் சுற்றும். ஓட்டுகிறவர்கள் பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் மாமன்கள், தோற்றாலும் சிரித்துக்கொண்டே இறங்கிவருகிற ஆட்கள். இவர்களுக்கு நடுவில், ஐம்பது தாண்டிய வெர்லின் வருஷா வருஷம் ஜெயித்தான். ஜெயித்தபின் வண்டிக் கூரைமேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்குவான். ரொட்டி வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, வரிசை நகர்ந்ததும் நகர்வார்கள்.

வாரநாட்களில் அவனுக்கு மாவட்டச் சாலைப் பிரிவில் வேலை. குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி. கோடையில் சாலையோரப் புல்வெட்டி. புல்வெட்டியில் அவன் போகும்போது மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் கூடவே நடந்துவரும். சில சமயம் முந்திப் போகும்.

பந்தயத்தில் அவனுடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்துவான், கடைசிக் கொடி ஆடும்வரை எடுக்கமாட்டான். அந்த வண்டிக்கு அது போதும். அதில் இருக்கும் சக்திக்கு, திருப்பத்தில் காலை எடுத்தால் மறுபடி வேகம் பிடிப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். இதை அவன் துணிச்சல் என்று நினைத்தான். வருஷங்கள் போகப் போகத் தன்னுடைய குணம் என்றே நினைக்க ஆரம்பித்தான். உலகத்தில் கால் எடுப்பவர்கள் இருந்தார்கள், எடுக்காதவர்கள் இருந்தார்கள். பாதிரியார் கால் எடுப்பவர். நடீனின் தம்பியும் அப்படித்தான். சாலைப் பிரிவின் மேலதிகாரி பிறந்ததிலிருந்தே கால் எடுத்தவர். எல்லோரையும்விட மட்டம், கடைசியாக ஓடுகிற எட்டு சிலிண்டர் பெரிய வண்டிக்காரர்கள். அவ்வளவு பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் காலை எடுத்தார்கள். எடுக்கும்போது எஞ்சின் சத்தம் இறங்குவது பார்வையாளர்களின் மேல்வரிசைவரை கேட்கும். வெர்லின் அங்கே உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் உதட்டைச் சுழிப்பான்.

ஜனவரியில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வருடாந்தர விருந்து. கோப்பையை வாங்கியவர்கள் ஒலிபெருக்கியில் மனைவிக்கும் மெக்கானிக்குக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். வெர்லின் உட்காரவில்லை. கூடத்தின் கோடியில் ஆர்லன் ஃபோக்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பன்றிப் பண்ணைக்காரன். பல வருஷமாகப் பெரிய வண்டி ஓட்டுகிறான். ஜெயித்ததை யாரும் பார்த்ததில்லை. வெர்லினுக்கு அவன் மட்டம்தட்ட வசதியான ஆளாகத் தெரிந்தான்.

"அங்க ஆர்லன் உக்காந்திருக்கான். அவன் வண்டியில என் வண்டி மாதிரி நாலு வண்டியோட சக்தி இருக்கு. ஆனா மூலைக்கு மூலை கால எடுக்குறான். அந்த வண்டிய என் கையில குடுத்துப் பாருங்க."

ஆர்லன் மென்றுகொண்டிருந்ததை முழுங்கினான். எழுந்திருக்கவில்லை.

"வாயேன் சாம்பியன். தடம் எங்கப்பன் வீட்டுதா என்ன?"

வெர்லினுக்குக் கோப்பை கொடுத்தபோது வராத சத்தம் அப்போது வந்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, தானிய மில் விளக்குகள் தாண்டியபின் நடீன் சொன்னாள்.

"அடுத்த வருஷமும் அந்தச் சின்னப் பசங்க கோப்பையத்தான் வாங்கப்போறன்னா நீ தனியா போய் வாங்கிக்க. சட்டைய இஸ்திரி போட்டுத் தர்றேன். கூட வரமாட்டேன்."

வசந்தத்தில் அவன் ஒரு பெரிய வண்டி வாங்கினான். முதுகு போய்ப் பந்தயத்தை விட்ட ஒருவனுடையது. சின்ன வண்டியை விற்கவில்லை. நல்ல விலை வரட்டும் என்று சொல்லித் தார்ப்பாய் போட்டு மூடிக் கொட்டகையின் பின்பக்கம் நிறுத்தினான். தினமும் தார்ப்பாயைச் சரிசெய்தான்.

பெரிய வண்டியைக் கொட்டகைக்குள் முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் ஆணியோடு ஆடின. ஒரு பெயின்ட் டப்பா அலமாரியிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தம் காது வழியாக வரவில்லை, இருக்கை வழியாக வயிற்றுக்குள் வந்தது. அவன் பெடலை லேசாகத் தொட்டான். வண்டி முழுவதும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. அவன் காலை எடுத்துவிட்டான். கொட்டகையில் யாரும் இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை மாலை, காலியான தடத்தில் ஓட்டிப் பழக அனுமதி வாங்கினான். நடீன் கூட வந்தாள். பிக்கப் வண்டியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். நேர்ப்பாதையில் வெர்லின் பெடலைத் தரைக்கு மிதித்தான். யாரோ மார்பில் கையை வைத்து இருக்கையோடு சேர்த்து அமுக்கியதுபோல இருந்தது. இத்தனை வருஷம் அவன் வேகம் என்று நினைத்திருந்தது எதுவோ, அது வேகமே இல்லை. திருப்பம் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் இங்கேயே வந்து நின்றது. அவன் கால் எடுக்கவில்லை. பின்சக்கரங்கள் மண்ணை வாரி இறைத்துவிட்டு முன்சக்கரங்களை முந்திப்போக ஆசைப்பட்டன. பார்வையாளர் வரிசை தெரிந்தது, சோளக்காடு தெரிந்தது, மறுபடி பார்வையாளர் வரிசை, அப்புறம் பிக்கப்பில் நடீன். எஞ்சின் அணைந்துபோயிற்று. வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றது.

நடீன் கண்ணாடியை இறக்கினாள்.

"எதையாவது மறந்து வெச்சுட்டு வந்துட்டியா, திரும்பிப் போற?"

டயர் சரியில்லை என்றான் வெர்லின். டயரை மாற்றினான். பிறகு ஸ்பிரிங் சரியில்லை. ஸ்பிரிங்கை மாற்றினான். இருக்கை உயரமாக இருக்கிறது என்று இருக்கையை இறக்கினான். அப்புறம் பாதை தெரியவில்லை என்று மறுபடி ஏற்றினான். மண் ஈரமாக இருந்தது. அடுத்த வாரம் அதே மண் காய்ந்திருந்தது. ஆர்லன் மாதிரி ஆட்கள் இதே தடத்தில் இதே மண்ணில் ஒவ்வொரு மூலையிலும் காலை எடுத்து, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொடுத்து, வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடியே ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதை அவன் கண்ணால் பார்த்தான். பயந்தாங்கொள்ளிகளுக்கு ஏற்றவாறு வண்டி பழகியிருக்கிறது என்று விளக்கம் சொன்னான்.

ப்ளம் க்ரீக்கில் ஒரு விதி உண்டு. மேல்பிரிவில் மூன்று இரவு, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் பச்சைக் கொடியின் கீழ் ஓடிவிட்டவன் கீழ்ப்பிரிவுக்குத் திரும்ப முடியாது. அந்தப் பருவத்தில் மட்டுமில்லை, எப்போதுமே. பெரிய ஆட்கள் இறங்கிவந்து சின்னப் பிள்ளைகளின் கோப்பையைப் பிடுங்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி. முதல் இரண்டு இரவுக்கு யாரும் கேட்கமாட்டார்கள். ஆசைப்பட்டுப் பார்த்தான், முடியவில்லை, திரும்பிவிட்டான் என்று விட்டுவிடுவார்கள்.

முதல் இரவு அவன் பச்சைக் கொடிக்குப் பின் ஒரு திருப்பம்வரை போனான். இரண்டாவது இரவு மூன்று திருப்பம். இரண்டு முறை சுழன்று மற்றவர்களை நிறுத்தவைத்தவனை வெளியே அனுப்பிவிடுவார்கள், அனுப்பினார்கள். வண்டி பிட்டுக்குள், அதாவது பந்தய வண்டிகள் நிற்கிற பின்திடலுக்குள், தலைகுனிந்து வந்தது. அவனுடைய இருபத்தேழாம் எண் வண்டி இன்றைக்கும் ஊரைச் சுற்றிக் காட்டியது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பாளன் சொன்னான். மேல்வரிசையில் நடீனுக்குப் பக்கத்தில் அவளுடைய வாடிக்கைக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அது சிரிப்பைவிட மோசம் என்று அன்று அவள் அவனிடம் சொன்னாள்.

ஆகவே மூன்றாவது சனிக்கிழமை.

வெர்லின் அந்த வாரம் முழுக்கப் புல்வெட்டியில் உட்கார்ந்து யோசித்தான். மூன்றாவது முறை பச்சைக் கொடியைத் தாண்டிவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். அப்புறம் சாகும்வரை வரிசையின் கடைசியில் ஆர்லன் ஃபோக்ட்டோடு. ஓடாமல் வீட்டில் இருந்துவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். நடீனே சொல்வாள். அவன் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான். போவது, வரிசையில் நிற்பது, பச்சைக் கொடிக்கு முன் மெதுவாகச் சுற்றும் சுற்றில் கையைத் தூக்கிக்காட்டிவிட்டுப் பிட்டுக்குள் திரும்பிவிடுவது. வண்டி கோளாறு. யாருடைய தப்பும் இல்லை. பாகம் வரும்வரை என்ன செய்வது, சும்மா இருக்க முடியுமா, அடுத்த வாரம் அந்தப் பழைய சின்ன வண்டியைக் கொண்டுவர வேண்டியதுதான். கொண்டுவந்தபின் அதுவே பழகிப்போகும். என்ன கோளாறு என்பதையும் தேர்ந்தெடுத்தான். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி இருக்கும்.

அன்று மாலை எல்லாம் திட்டப்படியே நடந்தது. வண்டிகள் இரண்டிரண்டாக மெதுவாகச் சுற்றின. தடத்தின் பின்பக்க நேர்ப்பாதையில் வெர்லின் கையை வெளியே நீட்டித் தூக்கினான். வரிசையிலிருந்து விலகிப் பிட்டுக்குள் வளைந்து, தன் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தான். முகத்தை எரிச்சலாக வைத்துக்கொண்டான்.

பிட்டின் வாசலில் டோரிஸ் நின்றாள். எந்த வண்டி உள்ளே, எது வெளியே என்று பார்த்துக் கொடிக்காரனுக்கு ரேடியோவில் சொல்வது அவள் வேலை. பெரிய பெண்மணி. பாட்டன் வயதானவனையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன கண்ணு ஆச்சு?"

"இக்னிஷன் பெட்டி போயிடுச்சு. அவ்வளவுதான் இன்னிக்கு."

அவன் மறந்துபோனது ஒன்று இருந்தது. மறந்தது என்றும் சொல்ல முடியாது. சின்ன வண்டிப் பிரிவில் எதுவும் போனால் போனதுதான், சிரித்துக்கொண்டே இழுத்துக்கொண்டு போவார்கள். இங்கே அப்படி இல்லை. பெரிய வண்டிகளின் பிட்டில் பச்சைக் கொடிக்கு முன் ஒரு வண்டி நின்றுபோனால், அதை நிற்கவிடுவது அந்த வரிசைக்கே அவமானம். எதிராளியாக இருந்தாலும் ஓடிவருவார்கள். கொடிக்காரன் இரண்டு சுற்று பொறுத்துக்கொள்வான்.

டோரிஸ் ரேடியோவில் இரண்டு சுற்று கேட்டாள். பிறகு திரும்பிப் பிட் முழுவதும் கேட்கும்படி "பெட்டி யார்கிட்ட இருக்கு" என்று ஒரு சத்தம் போட்டாள்.

ஆர்லன் வந்தான். அவன் வண்டி அன்று மாலை பந்தயத்துக்கு முன் ஓட்டிப் பார்க்கும் சுற்றிலேயே எஞ்சின் உடைந்து டிரெய்லர்மேல் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கழற்றிய பெட்டி அவன் கையில் இருந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று பேர். ஒருவன் கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை உள்ளே நுழைத்தான். ஒருவன் விளக்கைப் பிடித்தான். வெர்லினைத் துணிமூட்டையை நகர்த்துவதுபோல ஒரு பக்கமாக நகர்த்தினார்கள்.

வேண்டாம் என்றான் வெர்லின். எதற்குச் சிரமம், அடுத்த வாரம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். உங்கள் பெட்டி என் எஞ்சினுக்குப் பொருந்தாது என்றான். பொருந்தியது. ஒயர்களை இழுத்து மாட்டினார்கள். தடத்தில் மற்ற வண்டிகள் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மேல்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், சீக்கிரம் சீக்கிரம் என்பதுபோல. அந்தக் கைதட்டல் பரவியது. அவனுடைய கோப்பைகள் எதற்கும் அப்படி யாரும் தட்டியதில்லை.

"ஸ்டார்ட் பண்ணு," என்றான் ஆர்லன்.

எஞ்சின் ஒரே சொடுக்கில் பிடித்தது. மற்றவர்கள் விலகிப்போனார்கள். ஆர்லன் மட்டும் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான். ஹெல்மெட்டின் பக்கமாகக் குனிந்தான்.

"உள்ள வரும்போதே வண்டி பாடிக்கிட்டுத்தான் வந்துச்சு, சாம்பியன். பிட்டுல இருக்கிறவன் அத்தனை பேரும் கேட்டோம்."

வெர்லின் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"நீ பெட்டின்னு சொன்ன. மாத்திட்டோம். இப்ப எதச் சொல்லப்போற?"

சொல்ல ஏதாவது இருந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் இருந்தது, கிளட்ச் இருந்தது, முதுகுவலி இருந்தது. எதைச் சொன்னாலும் அதையும் மாற்றிவிடுவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. முதுகைக்கூட. டோரிஸ் கையை வீசி வழிகாட்டினாள். அவன் கியர் போட்டான்.

கடைசி ஆளாகப் போய் ஒட்டிக்கொண்டான். நாலாவது திருப்பம் தாண்டியதும் பச்சைக் கொடி ஆடியது. அவன் அதன் கீழே போனான். அவ்வளவுதான், கதவு மூடிக்கொண்டது. அதற்கு ஒரு சத்தமும் இல்லை.

முதல் திருப்பம் வந்தது. அவனுக்கு ஜெயிக்கவேண்டும் என்று இல்லை. தைரியத்தைக் காட்டவேண்டும் என்றும் இல்லை. சுழன்று போய், அந்த நாலு பேர் ஓடிவந்து மறுபடி வண்டியைத் திருப்பிவிடுவதைப் பார்க்கக்கூடாது என்று மட்டும் இருந்தது. அவன் காலை எடுத்தான். கிழவிகள் சர்ச்சுக்குக் கார் ஓட்டுவது மாதிரி எடுத்தான். வண்டியின் எடை முன்சக்கரத்தில் சாய்ந்தது. பின்புறம் மெல்ல வெளியே தொங்கியது, ஆனால் முந்தவில்லை. அங்கேயே நின்றது, அவன் எதிர்ப்பக்கம் கொடுத்த ஸ்டீயரிங்குக்குக் காத்துக்கொண்டு. மறுபடி பெடலைத் தொட்டதும் மண்ணைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்த்தானோ அங்கே போயிற்று. இவ்வளவு சுலபமா என்று ஆத்திரமாக வந்தது. மூலைக்கு மூலை எடுத்தான். ஒவ்வொரு முறையும் கன்னம் எரிந்தது. ஒவ்வொரு முறையும் வண்டி சரியாகத் திரும்பியது.

கடைசிக்கு ஒன்று முன்னால் முடித்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர் மாவட்டத் தலைநகரிலிருந்து வரும் பல் டாக்டர். அவர் வண்டி புதிது, அவர் அணிந்திருக்கும் எல்லாமே புதிது, அவரை எல்லோரும் முந்துவார்கள். அறிவிப்பாளன் முதல் ஐந்து பேரின் பெயரைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இரவு நடீன் பிக்கப்பில் ஏறியதும் ஏதோ சொல்லப்போவதுபோல அவனைப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த சூரியகாந்தி விதையை அவன் பக்கம் நீட்டினாள். அவன் எடுத்துக்கொண்டான்.

மறுவாரம் அவளுடைய வாடிக்கைக்காரி ஒருத்தியின் கணவன், டெனிஸ் என்பவன், சின்ன வண்டியைப் பார்க்க வந்தான். தானிய மில்லில் வேலை செய்பவன். நாற்பது வயதில் திடீரென்று பந்தயம் ஓட்டவேண்டும் என்று ஆசை. யார் சொல்லி வந்தாய் என்று வெர்லின் கேட்கவில்லை. தார்ப்பாயை இழுத்துப் போட்டான். டெனிஸ் வண்டியைச் சுற்றிவந்து, தொட்டுப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சர்ச்சுக்குள் நிற்பதுபோல நின்றான்.

ஓட்டிக் காட்டுகிறேன் என்று வெர்லின் உட்கார்ந்தான். சரளைக் கல் பாதையில் தபால்பெட்டிவரை போய்த் திரும்பினான். பாதி வழியில், பெடலை மிதித்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்தான். தரையோடு மிதித்துத்தான் இருந்தான். எஞ்சின் தையல் மெஷின்போலக் கத்தியது. தபால்பெட்டி நிதானமாக வந்து சேர்ந்தது.

"இதுல இத்தன வருஷம் ஜெயிச்சிருக்கீங்க," என்றான் டெனிஸ். "எனக்கும் கொஞ்சம் சூட்சுமம் சொல்லுங்களேன்."

முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"இதுல என்ன சூட்சுமம் இருக்கு," என்றான் வெர்லின், வண்டியைப் பார்க்காமலே. "மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். கழுதையும் ஓட்டும். பெரிய வண்டின்னா வேற. அதுல எப்பக் கால எடுக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். அது எல்லாருக்கும் வராது."

டெனிஸ் மரியாதையாகத் தலையாட்டினான். வெர்லின் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு, திருப்பத்தில் எடை எப்படி முன்னால் சாயவேண்டும் என்பதைக் கையால் காட்ட ஆரம்பித்தான்.

உள்ளே நடீன் முடி உலர்த்தும் மெஷினைப் போட்டாள்.